திகதி முடிந்த பிறைமர்

கிடங்கைத் தோண்டி எடுத்த சாமான்களில் அன்ரோனெற்றை அதிசயிக்க வைத்தது, பெயின்றுக்கு முதல் அடிப்பூச்சாக அடிக்கும் அந்த ஸ்பிறே பிறைமர் ரின்தான். இரண்டாயிரத்து எட்டில் இலுப்பைக்கடவையை விட்டு ஓடும்போது, ஊரெல்லாம் செய்ததுபோல அவர்களும் கொண்டுபோக முடியாததை வளவில் புதைத்துவிட்டுப் போனார்கள். இரண்டு வருடம் கழித்து வந்து பார்த்தால், கதிரைகளைக் கறையான் தின்றிருக்கிறது, ரின் மட்டும் புதுமாப்பிள்ளைபோல மினுங்குகிறது! அடியில் அச்சடித்த திகதியோ போன வருடமே முடிந்துவிட்டது. மண்ணுக்குள் குளிர்ச்சியாகக் கிடந்த காலமும் கணக்கில் சேருமா? இந்தக் கேள்வி அவளைக் குடைந்தெடுத்தது.

ரின்னோடு வந்தவை நத்தாருக்கு வைக்கும் ஒன்பது பாலன் குடில் சுரூபங்கள். வலையில் கட்டும் ஈயத்தை உருக்கி, பெருவிரல் உயரத்தில் அவளே வார்த்தவை. ஈயத்தில் வெள்ளை பூக்கத் தொடங்கியிருந்தது; பிறைமரால் மூடாவிட்டால் முகங்களை அரித்துவிடும். பழுதான பிறைமரை அடித்தாலோ மணல்மணலாகப் படிந்து முகங்களை மறைத்துவிடும். மன்னார்க் கடைகளில் புது ரின் இல்லை.

எட்டுச் சுரூபங்கள் போனாலும் போகட்டும். ஒன்பதாவது ஓர் இடையன்; அவன் முகம் மகன் மில்ரனுடையது. அவனை எதிரே இருத்தி ஊசியால் செதுக்கியது. ஊரைவிட்டு ஓடிய அடுத்த வருடம் ஷெல் பட்டு அவன் போய்விட்டான், படங்களும் தொலைந்தன. மிஞ்சியது இந்த முகம்தான், அதுவும் உதடு இறுகிய கோப முகம். ஆடாமல் இரு என்று அன்றைக்கு அவனுக்கு ஓர் அடி போட்டிருந்தாள். அதை நினைத்து அழாத நாளில்லை.

கணவர் கொன்ஸ்ரன்ரைன் வலை ஈயம் கொஞ்சம் கொண்டுவந்தார். "முதல்ல இதுக்கு அடிச்சுப் பாரும்."

அழுத்தினாள். கறுப்பாக எண்ணெய் வழிந்தது.

"இதென்ன கூத்து?"

"புதைக்கேக்க வள்ளத்து எஞ்சினுக்குப் பூசின கிறீஸை இதுக்கும் பூசினனான். உப்புத்தண்ணி போகாதெண்டு வாயையும் அடைச்சுவிட்டனான்."

"ரின்னுக்கும் எஞ்சின் வைத்தியமோ? நல்ல ஆள்தான் நீங்கள்!"

ரின்னின் மூக்கைக் கழற்றி மண்ணெண்ணெயில் கழுவினாள். உள்ளே கிடக்கும் சின்ன இரும்புக்குண்டு கலகலக்கும்வரை குலுக்கினாள். இரண்டாவது ஈயத்தில் பொரிபொரியாக விழுந்தது. ரின்னை இளஞ்சூட்டுத் தண்ணீரில் வைத்து எடுத்து மறுபடி குலுக்கி அடித்தாள். மூன்றாவதில் பட்டாகப் படிந்தது. திகதி பொய்யா, மண் புண்ணியமா, அவளுக்கு விளங்கவில்லை.

ரின்னில் எவ்வளவு மிச்சமென்று தெரியாது. அதனால் இடையனையே முதலில் எடுத்து, வெள்ளையைப் பிறஷ்ஷால் தேய்த்து, மாதாவைக் கூப்பிட்டுக்கொண்டு அடித்தாள். ஈயத்தின் மினுக்கம் அடங்கிச் சாம்பல் நிறம் வந்தது. மினுக்கத்தில் தெரியாத கீறலெல்லாம் இப்போது தெரிந்தது. கன்னத்தில் ஒரு குழி, உதட்டோரத்தில் இரண்டு சுருக்கம். கோபத்தில் அவள் பார்க்கத் தவறியதை அவள் கை பார்த்திருக்கிறது.

"இஞ்சாருங்கோ, இவன் கோவிக்கேல்லை. சிரிப்பையெல்லோ அடக்கிக்கொண்டு இருந்திருக்கிறான்!"

கொன்ஸ்ரன்ரைன் குனிந்து பார்த்தார்.

"ஓம். அண்டைக்கு வெளியில ஓடிவந்து என்னட்டச் சொல்லிச் சிரிச்சவன், அம்மா அடிச்சா நோகிறேல்லை எண்டு. அதையோ இவ்வளவு நாளும் மனசில வைச்சிருந்தனீர்?"