நாற்பத்தோராம் கேள்வி

கேள்வியக்காவுக்கு அன்று அது மூன்றாவது வீடு, ஐந்தாவது மாடி. லிஃப்ட் ஓடவில்லை. வீட்டுக்காரரோ லிஃப்ட் மெக்கானிக். ஊர் லிஃப்டுக்கெல்லாம் வைத்தியம் பார்க்கிற மனுஷன் குடியிருக்கிற கட்டடத்தில் படியேறித்தான் போகவேண்டும், அந்தக் கொடுமையை எங்கே போய்ச் சொல்ல? முட்டியைப் பிடித்துக்கொண்டு, இந்த ஆய்வை ஆரம்பித்துவைத்த மகராசர்களை மனசுக்குள் வைதபடியே ஏறினாள்.

குடும்ப உறவு ஆய்வு என்று அதற்குப் பெயர். ஒரே தம்பதிகளை வருஷத்துக்கு ஒருமுறை போய்ப் பார்த்து, அதே அறுபத்திரண்டு கேள்விகளைக் கேட்க வேண்டும். புருஷனைத் தனியாக, பெண்டாட்டியைத் தனியாக. ஒருவர் சொன்னது இன்னொருவர் காதுக்குப் போகக் கூடாது. அதற்காக டிவியைச் சத்தமாக வைக்கச் சொல்லுவாள், குழாயைத் திறந்துவிடச் சொல்லுவாள். நாற்பது வீட்டோடு ஆரம்பித்தது, ஏழு வருஷத்தில் பத்தொன்பதாகிவிட்டது. "அக்கா காலடி பட்டா போதும், கல்யாணம் காலி" என்று ஆபீஸில் கிண்டல் செய்வார்கள். அவளும் கூடச் சிரிப்பாள். சிரிக்காமல் என்ன செய்ய, அவள் கல்யாணமே காலியானதுதானே.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஒரு காலை நேரத்தில் அவள் புருஷன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். அதைக்கூட எப்படியோ செரித்துவிட்டாள். அவன் தங்கைக்கு ஆறு மாதமாகவே விஷயம் தெரியும் என்பதைத்தான் அவளால் செரிக்க முடியவில்லை. நாத்தனாராக இல்லாமல் கூடப்பிறந்தவளாக இவள் நினைத்து வந்தவள். வாரா வாரம் வந்து, அடுப்படியில் உட்கார்ந்து, இவள் கையால் சாப்பிட்டுப் போனவள். "உனக்குத் தெரியும், எனக்கு மட்டும் தெரியாது" என்று கேட்டதற்கு, "எப்படி அண்ணி சொல்லுவேன்?" என்றாள். அதோடு முடிந்தது பேச்சு.

மெக்கானிக் வீட்டுக்கு வரும்போதெல்லாம் அந்த ஞாபகம் வந்துவிடும். காரணம் நாற்பத்தொன்று.

'கடந்த பன்னிரண்டு மாதங்களில், பிரிந்து போய்விடலாம் என்று நீங்கள் நினைத்ததுண்டா?' இதுதான் நாற்பத்தொன்று. மருந்துக்கடையில் வேலை பார்க்கிற அந்த வீட்டம்மா ஏழு வருஷமாகச் சொல்லும் பதில், உண்டு. ஏன் என்று கேட்கும் நாற்பத்திரண்டுக்கும் ஏறக்குறைய ஒரே பதில்தான். "அவர் நல்லவருதான் அக்கா. ஆனா எங்கிட்ட ஒண்ணுமே கேக்கறதில்ல. சாப்பிட்டியா, தூங்கினியா, ஒண்ணும் கிடையாது. வருஷத்துக்கு ஒருக்கா நீங்க வந்து கேக்கறீங்க, அவ்வளவுதான்." அதை அப்படியே எழுதிக்கொண்டு கூடத்துக்கு வந்தால், மெக்கானிக் ஒரு சொம்புத் தண்ணீரை நீட்டிக்கொண்டு நிற்பார். அவரிடமும் அதே நாற்பத்தொன்று. "பிரியறதா? எதுக்குக்கா?" என்று சிரிப்பார். தெரிந்தும் தெரியாத மாதிரி 'இல்லை'யில் ஒரு டிக் போட்டுவிட்டு வருவாள்.

அன்றைக்கு எல்லாமே ஏறுக்குமாறு. வழக்கமாக வீட்டம்மாதான் முதலில். ஆனால் எங்கேயோ ஒரு லிஃப்ட் நின்றுவிட்டது என்று மெக்கானிக்குக்கு போன் வந்துவிட்டது. "என்ன மொதல்ல முடிச்சு விட்ருங்கக்கா, ஓடணும்" என்றார். வீட்டம்மா பாத்திரம் கழுவப் போனாள். குழாய் கொட்டுகிற சத்தம் கேட்டது.

கேள்வியக்கா பையிலிருந்து மேலே இருந்த படிவத்தை எடுத்தாள். ஏழு வருஷமாக மேலே இருப்பது வீட்டம்மாவுடையது, அடியில் இருப்பது அவருடையது. கைக்குப் பழக்கம் அது. முன்னெல்லாம் பெண்களுக்கு மஞ்சள் தாள், ஆண்களுக்கு நீலத் தாள். இந்த வருஷம் எந்தப் புண்ணியவானுக்கு என்ன தோன்றியதோ, எல்லாமே வெள்ளை. மூலையில் கடுகளவு எழுத்தில் மனைவிக்கு 'ம', கணவனுக்கு 'க' என்று போட்டிருக்கும், அவ்வளவுதான். ஐந்து மாடி ஏறி வந்த கண்ணுக்கு அது எங்கே தெரியப்போகிறது?

நாற்பது கேள்வி வரைக்கும் ஒன்றும் வித்தியாசமில்லை. நாற்பத்தொன்றிலிருந்து போன வருஷப் பதிலும் கூடவே அச்சாகியிருக்கும். அதைப் படித்துக்காட்டி, இப்போதும் அப்படித்தானா என்று கேட்க வேண்டும். அவள் கொட்டாவியை அடக்கிக்கொண்டு படித்தாள்.

"பிரிஞ்சு போயிடலாம்னு நெனச்சதுண்டுன்னு போன வருஷம் சொல்லியிருக்கீங்க. இப்பவும் அப்படித்தானா?"

மெக்கானிக் ஷூவுக்குள் காலை நுழைத்துக்கொண்டிருந்தார். அப்படியே நிமிர்ந்தார். "நானா? நான் எப்பக்கா சொன்னேன்?"

அவள் மூலையைப் பார்த்தாள். 'ம'. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே வாய் அவளுடையது, கெட்டது இன்னொருத்தியின் குடும்பம்.

"தப்பா அச்சாயிருக்கும் தம்பி" என்றாள். அவள் குரலை அவளே நம்பவில்லை. கட்டடத்துக்கு வெளியே நின்றே லிஃப்டில் எந்தப் பல்சக்கரம் தேய்ந்திருக்கிறது என்று சத்தத்தை வைத்துச் சொல்லுகிற மனுஷனிடமா பொய் செல்லும்?

"அது யாரு தாளு?"

இந்த வீட்டில் தாள் இருப்பதே ரெண்டு பேருக்கு.

"போன வருஷம் மட்டுமா?"

அவள் தாளை உள்ளங்கையால் மூடிக்கொண்டாள்.

"ஏழு வருஷமாவா?" அவர் குரல் உள்ளே போய்விட்டது. "அப்ப உங்களுக்குத் தெரியும். என் கையால தண்ணி வாங்கிக் குடிச்சிட்டு, நான் சிரிக்கறதப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தீங்க. உங்களுக்குத் தெரியும், எனக்கு மட்டும் தெரியாது."

"எப்படி தம்பி சொல்லுவேன்?" என்று அவள் வாய் சொல்லிவிட்டது. சொன்ன பிறகுதான் அது யார் வார்த்தை என்று உறைத்தது.

"ஏன்னாவது சொல்லுங்க. குடிச்சேனா? கை நீட்டினேனா? வேற பொம்பள பின்னாடி போனேனா?"

பதில் அவளுக்கு மனப்பாடம். ஆனால் அது அவள் சொத்தில்லை. ஒருத்தி ஏழு வருஷமாக நம்பிக் கொடுத்துவைத்தது.

"அது என் வாயால வரக் கூடாது தம்பி. நீங்களே கேளுங்க."

"என்னன்னு கேக்கறது?"

"எதையாவது கேளுங்க. கேட்டாப் போதும்."

போன் அடித்தது. "நான் வரல, வேற ஆள அனுப்பு" என்று சொல்லி வைத்தார். ஒரு காலில் ஷூ, இன்னொரு காலில் வெறும் சாக்ஸ். அப்படியே அடுப்படி வாசலில் போய் நின்றார். பாவம், கேட்டுப் பழக்கமில்லாத மனுஷன். அவருக்குத் தெரிந்த கேள்வி அந்தப் படிவத்தில் இருந்ததுதான்.

"கடந்த பன்னண்டு மாசத்துல" என்று ஆரம்பித்தார். தொண்டையைச் செருமினார். "பிரிஞ்சு போயிடலாம்னு நீ நெனச்சதுண்டா?"

குழாய் நின்றது.

"அந்தக்கா சொன்னாங்களா?"

"அவங்க ஒண்ணும் சொல்லல. நான் கேக்கறேன்."

நாற்காலியை இழுக்கிற சத்தம் கேட்டது. "உக்காருங்க" என்றாள் வீட்டம்மா. அவள் மட்டும் கூடத்துக்கு வந்தாள், ஈரக் கையைக் கூடத் துடைக்கவில்லை. முகத்தில் கோபமா, நிம்மதியா, ஒன்றும் பிடிபடவில்லை. "இன்னிக்கு என்னோடது வேணாம் அக்கா. கெளம்புங்க" என்று கதவைத் திறந்துவிட்டாள்.

இறங்கும்போது முட்டி வலி தெரியவில்லை. பஸ் நிறுத்தத்து பெஞ்சில் உட்கார்ந்து மேற்பார்வையாளருக்கு போன் போட்டு, நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள். அவன் ஒரு பெருமூச்சு விட்டான். "அந்த வீட்ட நீக்கிடணும் அக்கா. இனிமே நீங்க அங்க போகக் கூடாது, போனும் பண்ணக் கூடாது."

"அவங்க என்ன ஆனாங்கன்னு மட்டும்..."

"தெரிஞ்சுக்க முடியாது அக்கா. அதான் விதி."

ஏழு வருஷம். இனி அந்த ரெண்டு பேரும் சேர்ந்திருக்கிறார்களா, பிரிந்துவிட்டார்களா என்று அவளுக்குக் கடைசிவரை தெரியப்போவதில்லை. கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதை கேட்டிருக்கிறாள். பூதத்தைக் கிளப்பிவிட்டுப் பாதியில் எழுந்துவந்தது இதுதான் முதல் தடவை. களைப்பாக இருந்தது. இந்தக் களைப்பு தூங்கி எழுந்தால் போகிற களைப்பில்லை.

பதினோரு வருஷமாக அழிக்காமலும் அழைக்காமலும் வைத்திருந்த எண்ணை எடுத்து அழுத்தினாள். நாலாவது மணியில் எடுத்தாள் நாத்தனார்.

"அண்ணி?" குரலில் பதற்றம். "யாருக்கு என்ன ஆச்சு?"

"யாருக்கும் ஒண்ணும் ஆகல. உங்கிட்ட ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க."

"அந்த ஆறு மாசம், தெரிஞ்சும் சொல்ல முடியாம எங்கூட உக்காந்து சாப்பிட்டியே, அப்ப உனக்கு எப்படி இருந்துச்சு?"

அந்தப் பக்கம் விசும்பல் கேட்டது.

"இத யாருமே எங்கிட்ட கேட்டதில்ல அண்ணி."

"இப்ப கேக்கறேன். சொல்லு."

அவள் ஏற வேண்டிய பஸ் வந்து நின்றது. ஏறுகிறீர்களா என்று கண்டக்டர் கையைக் காட்டினார். இல்லை என்று தலையை ஆட்டிவிட்டு, போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.