இரண்டு முறை இறங்கலாம்

சாப்பாட்டு மேசையைச் சுற்றி வந்தபடி அவள் டயர்களைச் சோதித்துக்கொண்டிருந்தாள். மேசையின் நான்கு கால்கள் நான்கு டயர்கள், பின்னால் கிடந்த பெஞ்சு டிரெய்லர், அடுப்புக்குப் போகிற கேஸ் குழாய் பிரேக்குக்குக் காற்று போகிற குழாய். ஒவ்வொன்றையும் கையால் தொட்டு வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்பது கனரக வண்டித் தேர்வின் விதி. மனசுக்குள் சொன்னால் மதிப்பெண் கிடையாது. "டயர்ல வெட்டு இல்ல, காத்து சரியா இருக்கு, கல்லு எதுவும் மாட்டல" என்று அவள் மேசைக்காலிடம் சொல்லிக்கொண்டு போக, அதே மேசையில் சாப்பிட்டுக்கொண்டிருந்த கணவர் தன் காலைத் தூக்கி வழிவிட்டார். "வீல் நட்டை விட்டுட்ட" என்றார், தட்டிலிருந்து தலையை எடுக்காமல். விட்டுத்தான் இருந்தாள். மறுபடி முன்பக்கத்திலிருந்து ஆரம்பித்தாள்.

மறுநாள் காலையில் தேர்வு. ஏற்கெனவே இரண்டு தடவை கோட்டை விட்டாகிவிட்டது. இந்தத் தடவையும் போனால் பயிற்சியை முதலிலிருந்து தொடங்க வேண்டும், அதுவரை லாரி ஷெட் முதலாளி காத்திருக்க மாட்டார். கணவர் ஓட்டிய வண்டி ஷெட்டில் தூசி பிடித்து நிற்கிறது. மாசக் கடைசிக்குள் லைசென்ஸோடு வந்தால் வண்டி அவளுக்கு, இல்லாவிட்டால் வேறு ஆள் என்று முதலாளி நேருக்கு நேராகச் சொல்லிவிட்டார். அவளுக்கு அதுவரை துணிக்கடையில் வேலை. வருகிறவர்கள் பிரித்துப் பார்த்துவிட்டுப் போட்டதை மடித்து அடுக்குவது. அடுக்கி முடிப்பதற்குள் அடுத்த ஆள் பிரிப்பார். ஊரில் உள்ள எல்லாத் துணியும் தன் கை வழியாகப் போகிறது, ஆனால் தான் எங்கேயும் போகவில்லை என்று அவளுக்கு அடிக்கடி தோன்றும்.

பதினெட்டு வருஷம் கணவர் போனார், வந்தார். போய்விட்டு வருகிறவரிடம் அவள் ஆசையாகக் கேட்பாள், என்ன பார்த்தீர்கள் என்று. அவர் சட்டையைக் கழற்றியபடியே சொல்வார், "ரோடு." அவ்வளவுதான். வேறே? "ரோடுதான்." மலை வந்ததா, ஆறு வந்ததா, வழியில் யாரிடமாவது பேசினீர்களா, எதற்கும் பதில் வராது. முதலில் களைப்பு என்று நினைத்தாள். பிறகு நெஞ்சழுத்தம் என்று நினைத்தாள். கொஞ்சகாலம் சந்தேகம்கூடப் பட்டாள், அதை நினைத்தால் இப்போது சிரிப்பு வருகிறது. உண்மையைச் சொன்னால் அவளுக்கு இருந்தது பொறாமை. உலகத்தையே சுற்றிவிட்டு வந்து ஒற்றை வார்த்தையில் முடிக்கிற மனுஷனை என்ன செய்வது?

போன வருஷம் ஒரு கிடங்கில் அவர் வண்டியைப் பின்னால் எடுத்தபோது தூணில் இடித்தார். தூண் புதிதாக முளைத்ததல்ல, பல வருஷமாக அங்கேயேதான் நிற்கிறது. ஷெட்டில் ஆளுக்கு ஒன்று பேசினார்கள். ஏனென்றால் அவருக்கு அங்கே பெயரே "ஒரே திருப்பு." எவ்வளவு நீள வண்டியாக இருந்தாலும் எவ்வளவு குறுகின சந்தாக இருந்தாலும் கண்ணாடியைப் பார்த்தே ஒரே திருப்பில் உள்ளே விடுவார். கீழே இறங்கிப் பார்த்துவிட்டு வந்து ஓட்டுகிறவர்களைக் கண்டால் அவருக்கு இளக்காரம். "எறங்கிப் பாக்கறவன் ஓட்டறவன் இல்ல, தள்ளறவன்" என்பார். அந்த இடிக்குப் பிறகுதான் கண் டாக்டரிடம் போனார்கள். பக்கவாட்டுப் பார்வை போய்க்கொண்டிருக்கிறது என்றார் டாக்டர். நேராக இருப்பது தெரியும், ஓரத்தில் இருப்பது தெரியாது. லைசென்ஸைப் புதுப்பிக்க முடியாது என்று போக்குவரத்து ஆபீஸில் சொல்லிவிட்டார்கள். முதலாளி இரக்கப்பட்டு ஷெட் வாசலில் கேட்டைத் தூக்கி இறக்குகிற வேலை கொடுத்தார். அன்றையிலிருந்து அவள் தண்ணீர் டம்ளரை அவருக்கு நேர் எதிரே வைக்கப் பழகினாள். பக்கத்தில் வைத்தால் கை தட்டிவிடும்.

நான் ஓட்டுகிறேன் என்று அவள் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை, சண்டையும் போடவில்லை. "கிளட்ச் கனமா இருக்கும்" என்றார். அதைச் சம்மதம் என்று அவள் எடுத்துக்கொண்டாள்.

பயிற்சிப் பள்ளியின் மாஸ்டர் எப்போதும் சட்டைப் பையில் வறுத்த கடலை வைத்திருப்பார். மாணவர் தப்புச் செய்தால் இரண்டு கடலை வாயில் போடுவார், திட்டு வெளியே வராமல் இருக்க அது ஒரு வழி. அவளோடு வண்டியில் ஏறிய முதல் வாரத்திலேயே பை காலியானது. அவளுக்குக் கியர் வந்தது, பிரேக் வந்தது, ஆனால் கண் ஓர் இடத்தில் நிற்கவில்லை. முதன்முறையாகப் பெரிய சாலையில் போனபோது, அந்த உயரத்திலிருந்து மதில் சுவர்களுக்கு அந்தப் பக்கம் எல்லாம் தெரிந்தது. ஒரு மொட்டைமாடியில் ஒருவர் தனியாக உட்கார்ந்து கிளாரினெட் வாசித்துக்கொண்டிருந்தார். ஒரு தொழிற்சாலையின் பின்புறம் நூற்றுக்கணக்கான நீல நாற்காலிகள் மழையில் நனைந்துகொண்டிருந்தன. ஒரு வீட்டுக் கொல்லையில் இரண்டு பெண்கள் ஒரு மெத்தையை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு, கீழே வைக்காமலேயே சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். "அம்மா, ரோட்டைப் பாருங்க" என்றார் மாஸ்டர். "பாத்துக்கிட்டுதான் இருக்கேன் மாஸ்டர்" என்றாள். "அது ரோடு இல்லம்மா, ஊர்வம்பு" என்று கடலையைத் தேடினார்.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "இவ்வளவையும் பாத்துட்டா ரோடுன்னு சொன்னீங்க?" என்று கேட்டாள். என்னென்ன என்று அவர் கேட்க, நாற்காலி, கிளாரினெட், மெத்தை எல்லாவற்றையும் சொன்னாள். அவர் முகத்தில் நிஜமான ஆச்சரியம். அந்தச் சாலையில் ஆயிரம் தடவை போயிருப்பார், அங்கே ஒரு தொழிற்சாலை இருக்கிறது என்றே தெரியாதாம். யோசித்துவிட்டுச் சொன்னார், "நான் மறைக்கலம்மா. எனக்கு ரோடுதான் தெரிஞ்சுது."

அவள் பாத்திரம் தேய்க்கப் போய்விட்டாள். பாதி தேய்க்கும்போது டாக்டர் சொன்ன இன்னொரு வாக்கியம் நினைவுக்கு வந்தது. இது திடீரென்று வருவதில்லை, வருஷக்கணக்காக ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக மறைந்துகொண்டே வரும், நோயாளிக்கே தெரியாது என்றிருந்தார். அப்போது அது காதில் விழுந்ததே தவிர மனதில் விழவில்லை. அவளுடைய கை நின்றுவிட்டது. எத்தனை வருஷத்து "ரோடு" அது? முதல் சில வருஷம் களைப்பாகவே இருந்திருக்கலாம். ஆனால் எப்போதிலிருந்து அந்த மனுஷன் உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்? அவளுக்கு அழுகை வந்தது. அடுப்பங்கரைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

ஓரம் தெரியாவிட்டால் என்னவாகும் என்று தெரிந்த பிறகும் தேர்வில் இரண்டு முறை தவறினாள் என்பதுதான் வேடிக்கை. டிரெய்லர் ஒரு பிடிவாதக்காரப் பிராணி. ஸ்டியரிங்கை ஒரு பக்கம் திருப்பினால் அதன் வால் மறுபக்கம் போகும். ஸ்டியரிங்கின் அடிப்பகுதியைப் பிடித்துக்கொள்ளுங்கள், கை போகிற பக்கம் வால் போகும் என்று மாஸ்டர் சொல்லித் தந்தது அவளுக்கு உடனே பிடிபட்டது. ஆனாலும் எல்லைக்கு வைத்த நான்கு கோன்களுக்கு நடுவே வண்டியைப் பின்னால் விடும்போது கடைசி நேரத்தில் மனம் தடுமாறும். முதல் முறை கோன் விழுந்தது. இரண்டாவது முறை கோட்டைத் தாண்டியது. விதிப்படி பின்னால் எடுக்கும்போது இரண்டு முறை வண்டியை நிறுத்தி, இறங்கி, சுற்றிப் பார்த்துவிட்டு ஏறலாம், மதிப்பெண் குறையாது. அவள் ஒரு முறைகூட இறங்கவில்லை. "எறங்கறதுல என்னம்மா கஷ்டம், படி வழுக்குதா?" என்று மாஸ்டர் கேட்டார். ஒரே திருப்புக்காரரின் பெண்டாட்டி இறங்கிப் பார்த்தாள் என்று ஷெட்டில் பேச்சு வரக்கூடாது என்பதை எப்படிச் சொல்வது? அவர் மானத்தை அவள் ஓட்டிக்கொண்டிருந்தாள்.

தேர்வு நாளில் கணவர் தேர்வுத் திடலுக்கு வரக்கூடாது என்பது முதல் தடவையே அவள் போட்ட கட்டளை. "நீங்க நின்னா எனக்குக் கை ஓடாது." அவரும் தனக்கு டியூட்டி இருக்கிறது என்றுதான் சொல்வார்.

மூன்றாவது தேர்வுக்கு வந்த தேர்வாளர் ஒல்லியாக இருந்தார், தொப்பி போட்டிருந்தார். நல்லது கெட்டது எதையும் முகத்தில் காட்டாத ஆள். அவள் வண்டியைச் சுற்றி வந்து ஒவ்வொன்றையும் தொட்டுச் சொன்னாள். வீல் நட்டைத் தொட்டபோது மட்டும் குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. வெளியாட்கள் யாராவது கையசைத்தாலோ சைகை காட்டினாலோ தேர்வு அங்கேயே முடிந்தது என்று அவர் வழக்கமான எச்சரிக்கையைச் சொல்லிவிட்டு வண்டிக்குப் பக்கவாட்டில் போய் நின்றார்.

வண்டியைப் பின்னால் எடுத்தபோது பாதி தூரம் ஒழுங்காகப் போனது. பிறகு டிரெய்லர் ஒரு பக்கமாக மடங்கியதும் ஒரு பக்கக் கண்ணாடியில் அதன் விலாப்புறமும் ஓரத்தில் துளி வேலியுமே தெரிந்தன, மறுபக்கக் கண்ணாடியில் வெறும் திடல். வாலுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று எந்தக் கண்ணாடியும் சொல்லவில்லை. போன இரண்டு தடவையும் இதே இடத்தில்தான் அவள் பல்லைக் கடித்துக்கொண்டு குத்துமதிப்பாக விட்டாள். இப்போதும் கை அதற்குத் தயாரானது. அப்போது அவளுக்குள் அந்தப் பழைய குடைச்சல் எழுந்தது. அங்கே என்னதான் இருக்கிறது? பயத்தினால் வந்த கேள்வி அல்ல அது, நீல நாற்காலிகளைப் பார்த்த அதே ஆசை. எதற்காகத் தெரியாமல் ஓட்ட வேண்டும்? பிரேக்கை இழுத்தாள். வண்டி புஸ்ஸென்று மூச்சு விட்டது. கம்பியைப் பிடித்துக்கொண்டு, வண்டியைப் பார்த்தபடி படிப்படியாக இறங்கினாள். தேர்வாளர் ஏதோ குறித்துக்கொண்டார்.

பின்பக்கம் போனாள். கோன் டயரிலிருந்து இரண்டு சாண் தள்ளி நின்றது. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் போயிருக்கும். அதைத் தாண்டிக் கம்பி வேலி. வேலிக்கு அந்தப் பக்கம் கணவர் நின்றுகொண்டிருந்தார்.

விசேஷத்துக்குப் போடுகிற சட்டையைப் போட்டிருந்தார். அவள் இறங்கியது அவருக்குத் தெரியவில்லை. வண்டியின் முன்பகுதியைப் பார்த்துக்கொண்டிருந்தவர், மெதுவாகத் தலையைத் திருப்பி, டிரெய்லரின் நீளம் முழுவதையும் துண்டு துண்டாகப் பார்த்துக்கொண்டே வந்து, கடைசியில் அவளை வந்தடைந்தார். திடுக்கிட்டார். வேலியோரத்துப் புல் ஒரு வரிசையாக மிதிபட்டிருந்ததை அவள் பார்த்தாள். வண்டி நகர நகர அவரும் நகர்ந்திருக்கிறார், ஓட்டுகிறவளின் எந்தக் கண்ணாடியிலும் விழாமல். ஓட்டுகிறவருக்கு எது தெரியாது என்பது அவருக்குத் தெரியாதா? அடியில் பழுத்துக் காய்ந்து கிடந்த புல்லும் இருந்தது, இன்றைக்கு மிதித்ததல்ல.

அவர் உதடு எதையோ சொல்லத் திறந்தது. உடனே மூடிக்கொண்டது. இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்க் கட்டிக்கொண்டார்.

"யாரும்மா அது?" என்றார் தேர்வாளர், அந்தப் பக்கத்திலிருந்து.

"ரோட்டுல போறவர் யாரோ, சார்" என்றாள் அவள்.

திரும்பி ஏறினாள். ஸ்டியரிங்கின் அடிப்பகுதியைப் பிடித்து, கோனுக்கும் டயருக்கும் நடுவே இருந்த அந்த இரண்டு சாணை மனதில் வைத்துக்கொண்டு கண்ணாடியைப் பார்த்தாள். டிரெய்லரின் விலாப்புறம், அதன் முடிவில் வேலியின் ஒரு துண்டு. இன்னொரு முறை இறங்க அவளுக்கு உரிமை இருந்தது. தேவைப்பட்டால் இறங்குவாள். பிரேக்கை விடப் போனவள் ஒரு கணம் நின்றாள். டிரெய்லரின் வாலுக்குப் பின்னாலிருந்து அவர் வேலியோரமாகப் பக்கவாட்டில் நகர்ந்து, ஒன்று, இரண்டு, மூன்றாவது அடியில் கண்ணாடிக்குள் வந்து நின்றார். கைகள் பின்னால் கட்டியபடியே இருந்தன. தலை மட்டும் மெல்லத் திரும்பி, டயர், கோன், டிரெய்லர் என்று ஒவ்வொன்றாகத் தேடி, அவளிருந்த பக்கம் வந்துகொண்டிருந்தது. அவள் பிரேக்கை விட்டாள். கண்ணாடியில் அந்தச் சட்டை கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாகியது.