வலிக்காத திட்டு

டைல்ஸ் மேஸ்திரி ரத்தினவேல் அந்தக் கூட்டத்துக்குப் போனதே மனைவி வீராயியின் நச்சரிப்புத் தாங்காமல்தான். டெல்லி மயூர் விஹாரை ஒட்டிய தமிழர் குடிசைப் பகுதியின் சமுதாயக் கூடத்தில், தான் எடுத்த புற்றுநோய் விழிப்புணர்வுக் குறும்படம் ஒன்றைப் போட்டுக் காட்டிக் கருத்துக் கேட்க வந்திருந்தாள் ஜ்யோத்ஸ்னா. டெல்லியிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண்.

படத்தில் ஒருவனுக்குக் கன்னம் ஓட்டையாகிப் பல் வெளியே தெரிந்தது. பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

"அச்சா, எப்படி இருந்துச்சு? ஓப்பனா சொல்லுங்க," என்றாள் ஜ்யோத்ஸ்னா.

யாராவது பேசினால்தான் கூட்டம் முடியும் போலிருந்தது. சீக்கிரம் வீடு போய்ச் சேர்ந்தால் போதும் என்றிருந்த ரத்தினவேல் எழுந்தான்.

"தப்பா நினைக்காதம்மா. நான் போடற கைனிப் புகையிலை பாக்கெட்டுலயும் இதே மாதிரி படந்தான், சினிமா கொட்டாயிலயும் இதே மாதிரிதான். இதைப் பாத்தா எனக்குப் பயம் வரல. தெகிரியந்தான் வருது."

"தைரியமா? எப்படிண்ணா?"

"அவனுக்கு வாயே அழுகிப் போச்சு. எனக்கு வாய்க்குள்ள சின்னதா ஒரு வெள்ளைத் திட்டு, அவ்ளோதான். வலிகூட இல்ல. அப்ப எனக்கு ஒண்ணுமில்லன்னுதானே அர்த்தம்?"

சிலர் சிரித்தார்கள். ஜ்யோத்ஸ்னா சிரிக்கவில்லை.

"எவ்ளோ நாளா இருக்கு?"

"போன தீபாவளிக்கு முன்னாடிலேருந்தே..." சொல்லும்போதே குரல் இறங்கியது. பக்கத்தில் வீராயி அவனையே வெறித்துக்கொண்டிருந்தாள். அவளிடம் அவன் சொன்னதே இல்லை.

மறுவாரம் ஆஸ்பத்திரியில் துளி சதையைக் கிள்ளிப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வரும்வரை அவன் வேலைக்குப் போனான். ஒட்டிய டைல்ஸ் கோணிக்கொண்டு போனது. இன்னும் புற்றாகவில்லை, விட்டுவைத்தால் ஆகக்கூடும் என்றார் டாக்டர். திட்டை வெட்டியெடுத்தார்கள். அதைத் தாங்கிவிட்டான், கைனியை விடுவதுதான் பெரும்பாடாக இருந்தது. இடையில் தவறவும் செய்தான். வீராயி திட்டித் தீர்த்தாள், பிறகு கைனிக்குப் பதிலாக மெல்லச் சீரகமும் சோம்பும் பொட்டலம் கட்டிக் கொடுத்தாள்.

ஜ்யோத்ஸ்னா படத்தை மாற்றி எடுத்தாள். வெட்டுவதற்கு முன் ஆஸ்பத்திரியில் எடுத்த அவன் வாயின் போட்டோவைப் போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டாள்.

"மூஞ்சி தெரியக் கூடாதும்மா. பொண்ணுக்கு மாப்பிள்ளை பாத்துக்கிட்டிருக்கோம்," என்றான்.

புதிய படத்தில் ஒரு வாய், உள்ளே ஒரு வெள்ளைத் திட்டு. வலி இல்லையென்று விட்டுவிடாதீர்கள் என்றது ஒரு பெண் குரல். இந்த முறை யாரும் முகத்தைத் திருப்பவில்லை. முடிந்ததும் அவனோடு வேலை பார்க்கும் சுப்பு அருகில் வந்து உட்கார்ந்து வாயைத் திறந்தான்.

"டார்ச் அடிச்சுப் பாரு மேஸ்திரி. எதாச்சும் தெரியுதா?"

ரத்தினவேல் போன் வெளிச்சத்தில் பார்த்தான். ஒன்றும் பிடிபடவில்லை.

"எனக்கென்னடா தெரியும்? நாளைக்கு எனக்கு செக்கப் இருக்கு. நீயும் கிளம்பி வா."