திட்டு விழாத மாணவி

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணியாகிவிட்டால், செம்பூரில் மகேஸ்வரியின் வீட்டு ஹாலில் கால் வைக்க இடமிருக்காது. கப்பலில் மின்சாரம் பார்க்கும் அதிகாரியாக, அதாவது இ.டி.ஓ.வாகப் போகத் துடிக்கும் ஆறு பேர் சம்மணம் போட்டு உட்கார்ந்திருப்பார்கள். எல்லாரும் படிப்பை முடித்துவிட்டு முதல் கப்பலுக்குக் காத்திருப்பவர்கள். பதினோரு வருடமாகக் கடலில் இருக்கும் முகேஷ், விடுமுறைக்கு வரும்போதெல்லாம் இப்படிப் புதியவர்களை இன்டர்வியூவுக்குத் தயார் செய்வான்.

இந்த முறை ஏழாவதாக அவன் மனைவியும் சேர்ந்திருந்தாள். மகேஸ்வரி குர்லாவில் ஒரு பேக்டரியில் ஆறு வருடம் மெயின்டனன்ஸ் பார்த்தவள். போன வருடம்தான் அதை விட்டுவிட்டு இ.டி.ஓ. படிப்பை முடித்தாள். முப்பத்தொரு வயதாகிவிட்டது, பள்ளிக்கூடம் போகும் மகள் வேறு இருக்கிறாள் என்று மூன்று கம்பெனிகள் ஏற்கெனவே கைவிரித்துவிட்டன. வருகிற புதன்கிழமை நாலாவது. அதுவும் போனால் இனி யாரும் கூப்பிடப் போவதில்லை.

"தப்ரேஸ், ஓடிக்கிட்டிருக்கிற ஜெனரேட்டர் நின்னு போச்சு. முதல்ல என்ன செய்வே?"

"மறுபடி ஸ்டார்ட் பண்ணுவேன் பாய்."

"அரே! ஏன் நின்னுச்சுன்னு பார்க்க வேண்டாமா? உன்னைக் கப்பல்ல ஏத்தினா மெழுகுவத்தியும் சேர்த்து ஏத்தணும் போலிருக்கே!"

ஹாலே சிரித்தது. அடுத்த கேள்வி மகேஸ்வரிக்கு. அவள் பாதி சொல்லித் தடுமாறினாள்.

"கரெக்ட். ரொம்ப கரெக்ட்" என்றான் முகேஷ்.

"பாய், அண்ணி பாதிதானே சொன்னாங்க?" என்றான் தப்ரேஸ், பாவமாக.

"மீதி அவளுக்குத் தெரியும்டா."

எல்லாரும் போன பிறகு மகேஸ்வரி சமையலறையில் அவனை மடக்கினாள். "எனக்கு மட்டும் ஏன் திட்டு விழல?"

"உன்னைத் திட்டினா மத்தியானம் எனக்குச் சோறு விழாதே!"

"விளையாடாதீங்க. நான் போகக் கூடாதுன்னு நினைக்கியளா?"

முகேஷ் சொட்டிக்கொண்டிருந்த குழாயை இறுக்கி மூடினான். "போகணும்னுதான் நினைக்கேன். உன் முகம் வாடினா எனக்குத் தாங்கல, அதான். அப்புறம்... நீ இல்லாம வீடு எப்படி இருக்கும்னு ஒரு பயம்."

"அது எப்படி இருக்கும்னு எனக்கு எட்டு வருஷமாத் தெரியும்" என்றாள் மகேஸ்வரி. "நல்லாருக்காது. ஆனா இருந்துரலாம்."

மறுநாள் காலை முகேஷ் அவளைத் தாராவிக்குக் கூட்டிப் போனான். அங்கே அவன் நண்பன் இசக்கிப்பாண்டி மோட்டாருக்குச் செம்புக் கம்பியைக் காயிலாகச் சுற்றும் பட்டறை வைத்திருந்தான். நண்பர்கள் இருவரும் சேர்ந்து ஒரு பலகையில் ஆறு லைன் இழுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு சுவிட்ச் வைத்து, மேலே மூன்று விளக்கு மாட்டியிருந்தார்கள். கப்பலில் ஒரு ஒயர் இரும்பைத் தொட்டுவிட்டால், வீட்டில் ஆவது போல ஃபியூஸ் போகாது. மூன்று விளக்கில் ஒன்று மங்கும், அவ்வளவுதான். எந்த லைனில் கோளாறு என்று தேடிக் கண்டுபிடிக்க வேண்டும்.

மகேஸ்வரிக்கு இது கைவந்த கலை. ஒவ்வொரு லைனாக அணைத்துப் பார்த்தாள். நாலாவதை அணைத்ததும் மங்கிய விளக்கு பளிச்சென்று எரிந்தது.

"கண்டுபிடிச்சிட்டேன்! ரெண்டு நிமிஷம்கூட ஆகல!"

"அது என்ன லைன்னு பாத்தியா?" முகேஷின் குரல் உயர்ந்தது.

சுவிட்சுக்குக் கீழே சாக்பீஸால் 'ஸ்டீயரிங்' என்று எழுதியிருந்தது.

"துறைமுகத்துக்குள்ள கப்பல் திரும்பிட்டிருக்கு. நீ பாட்டுக்கு ஸ்டீயரிங்கைப் பிடுங்கிட்டே! யாரைக் கேட்டு அணைச்சே? மேல கப்பலை ஓட்டுற பிரிட்ஜ்ல கேப்டன் நிக்காரே, அவருக்கு ஒரு போன் போட்டியா?"

பேக்டரியில் முதலில் அணைப்பார்கள், பிறகு சொல்வார்கள். மெஷின் நிற்கும், கட்டடம் எங்கேயும் போய் மோதாது. ஆறு வருடப் பழக்கம் கையில் ஊறிக் கிடந்தது. மகேஸ்வரிக்குக் கண் கலங்கிவிட்டது.

"ஏல, பொண்டாட்டிட்ட இப்படியா கத்துவ?" என்றான் இசக்கிப்பாண்டி.

"கத்தட்டும் அண்ணே. இதுக்குத்தான் வந்தேன்." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "மறுபடி ஒரு கோளாறு வைங்க."

சாயங்காலம் வரை வைத்தார்கள். இசக்கிப்பாண்டியே கேப்டன். காயில் சுற்றிக்கொண்டே போனை எடுப்பான். "கேப்டன் பேசுதேன். இப்ப முடியாதும்மா, கஸ்டமர் நிக்காரு. பொறவு கேளு." அவளும் ஒவ்வொரு முறையும் கேட்டாள். வேண்டாம் என்றால் காத்திருந்தாள்.

புதன்கிழமை இன்டர்வியூவில் ஒரு மூத்த இன்ஜினியர் அதே இடத்துக்கு வந்தார். "கப்பல் துறைமுகத்துக்குள்ள போகுது. விளக்கு மங்குது. என்ன செய்வீங்க?"

"பிரிட்ஜைக் கேட்பேன் சார். அணைச்சாலும் ஆபத்தில்லாத லைன்களை மட்டும், சமையல்கூடம், லாண்டரி, அதுவும் சொல்லிட்டுத்தான் பார்ப்பேன்."

"அதுல கோளாறு இல்லேன்னா?"

"கப்பல் கரையில கட்டுற வரைக்கும் காத்திருப்பேன். ஒரு கோளாறோட கப்பல் ஓடும் சார். ரெண்டாவது வந்துடாமப் பாத்துக்குவேன்."

அவர் காகிதத்தில் ஏதோ எழுதினார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் போன் வந்தது. பயிற்சி இ.டி.ஓ. வேலை கிடைத்துவிட்டது. பன்னிரண்டாம் தேதி சிங்கப்பூரில் கப்பல் ஏற வேண்டும். மகேஸ்வரிக்குச் சந்தோஷப்படக்கூடத் தோன்றவில்லை. "நீங்க ஒன்பதாம் தேதி ஏறணுமே. பாப்பாவை யாரு பாத்துக்குவா?"

முகேஷ் தன் கம்பெனிக்குப் போன் போட்டான். "சார், இந்த கான்ட்ராக்ட்டுக்கு நான் வரல... இல்ல சார், உடம்புக்கு ஒண்ணுமில்ல. எங்க வீட்லேர்ந்து ஒரு இ.டி.ஓ. கப்பலுக்குப் போறாங்க... தம்பி இல்ல சார். என் மனைவி."

கடைசி இரண்டு வார்த்தைகளை அவன் நிதானமாக, இடைவெளி விட்டுச் சொன்னான். போனை வைத்துவிட்டு அவள் பக்கம் திரும்பினான்.

"பாப்பாவோட ஸ்கூல் பஸ் எத்தனை மணிக்கு?"

"ஏழு இருபது" என்றாள் மகேஸ்வரி, அவன் கையைப் பிடித்துக்கொண்டு. "கேட் வரைக்கும் கூடப் போய் ஏத்திவிடணும்."