ஈக்கூட்டின் வாடை

ஆய்வகத்தில் அவளுக்கு 'மூக்குக்காரி' என்று பேர். வைத்தவர்களுக்கு நக்கல் அதிகம். அவளுக்கோ வருஷம் முழுக்க ஜலதோஷம். மோப்பம் பிடிப்பதெல்லாம் மெஷின்தான். பிணத்தருகே கிடைத்த ஈக்கூடுகளைக் குப்பியில் அடைத்து, அவை விடும் வாடையை ஊசியால் உறிஞ்சி அந்த மெஷினுக்கு ஊட்டுவது அவள் வேலை. வெளியே பார்த்தால் எல்லாக் கூடும் ஒரே பழுப்பு, ஒரு வித்தியாசமும் தெரியாது. உள்ளே புழு ஈயாக மாற மாற வாடையும் மாறிக்கொண்டே வரும். அதை வைத்துக் கூட்டின் வயதையும், வயதை வைத்து முட்டையிட்ட நாளையும் சொல்லிவிடலாம்.

இந்த முறை வந்தவை ஒரு படுக்கையறையில் பொறுக்கியவை. செத்தவளின் புருஷன் திங்கள்வரை வெளியூரில் இருந்தான், அதற்குச் சாட்சி உண்டு. "செவ்வாக்கெழம நான் வந்தப்பவே செத்துக் கெடந்தா, பயந்து ஓடிட்டேன்" என்று சாதித்துக்கொண்டிருந்தான். வாடை வேறு கதை சொன்னது. முட்டை விழுந்தது புதன்கிழமை. ஜன்னல் திறந்து கிடந்த அறை. பிணம் கிடைத்தால் ஈ நாள் நட்சத்திரம் பார்த்துக்கொண்டு நிற்காது. மாட்டினான் படுபாவி என்று அவளுக்கு ஒரு கணம் சந்தோஷமாகக்கூட இருந்தது.

வராந்தாவில் செத்தவளின் அப்பா காத்திருந்தார். இவளைக் கண்டதும் எழுந்தார்.

"ஒண்ணே ஒண்ணு சொல்லும்மா. திங்கக்கெழம நான் போய்க் கதவத் தட்டினேன். யாரும் தெறக்கல. அப்ப எம்பொண்ணு உசுரோட இருந்தாளா?"

இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் மனுஷன் கொஞ்ச நாளாவது நிம்மதியாக இருப்பார். ஆனால் கோர்ட்டில் அவள் வாயாலேயே உண்மையைக் கேட்கத்தான் போகிறார். அங்கேயும் மாற்றிச் சொன்னால் அவன் தப்பிவிடுவான்.

"இருந்தாங்க, ஐயா."

அவர் அழவில்லை. தலையை மட்டும் ஆட்டினார்.

"அன்னிக்கு அவதான் போன் பண்ணினாம்மா. அவன் எப்ப வேணாலும் வந்துடுவான், பயமா இருக்கு, உள்ள தாழ்ப்பா போட்டுட்டு இருக்கேன்னா. அதனாலதான் அவ வீட்டுக்கு ஓடினேன். அக்கம்பக்கத்துல தெரிஞ்சா மானம் போயிடுமேன்னு வாயத் தெறக்கல. வெறுமன கதவத் தட்டிட்டே நின்னேன்."

அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்பா வந்திருக்கேன்னு ஒரு குரல் குடுத்திருந்தா ஓடி வந்து தெறந்திருப்பா. அவன்தான் தட்டுறான்னு நெனச்சிட்டாம்மா."