ஒளிராத கட்டில்

எங்கள் மருத்துவமனையில் நோயாளிகள் மேல் ஈரத்துணி படக்கூடாது. பட்ட இடம் அழிந்துவிடும். அதனால் துப்புரவுக்காரர்கள் பயந்து பயந்துதான் துடைப்பார்கள். ஒழுங்காகத் துடைக்கிறார்களா என்று சோதிப்பது என் வேலை. என்னை ஒருவருக்கும் பிடிக்காது. பிடிக்காவிட்டால் போகட்டும்.

கை படும் இடங்களில் கண்ணுக்குத் தெரியாத மருந்தால் பொட்டு வைப்பேன். துடைத்த பிறகு ஊதா விளக்கை அடிப்பேன். பொட்டு ஒளிர்ந்தால் ஃபெயில். மறுபடி துடைக்க வேண்டும். மருந்து ஒட்டிய எதையும் துடைத்தே ஆகவேண்டும் என்பது விதி.

இன்று என் தங்கை ஜெபக்கனியின் கட்டில். அவளுக்குக் காய்ச்சல், வேறொன்றுமில்லை. கம்பியில் பொட்டு வைத்தேன்.

“என்னண்ணே தடவுத?”

“சும்மா கெட.”

அவளா சும்மா கிடப்பாள்? பொட்டு காயுமுன் கம்பியைப் பிடித்து எழுந்து உட்கார்ந்தாள். அதே கையால் முகத்தைத் துடைத்தாள். கழுத்தைச் சொறிந்தாள். மருந்து எல்லா இடத்திலும் ஒட்டிவிட்டது.

துப்புரவுப் பணி செய்யும் அன்னத்தாய் வாளியோடு நின்று எல்லாவற்றையும் பார்த்துவிட்டார்.

“அக்கா, மெதுவா.”

“மெதுவாத் துடைச்சா நீங்கதான சார் ஃபெயில் போடுதீய?”

கம்பியைத் துடைத்தார். தங்கையின் கையைத் துடைத்தார். கை போயிற்று. “கூசுதுக்கா” என்றாள் ஜெபக்கனி. கழுத்து போயிற்று, முகம் போயிற்று, மிச்சமும் போயிற்று. ஐயோ, நான் பார்த்துக்கொண்டே நின்றேன். கடைசியில் கட்டிலில் அவள் குரல் மட்டும் இருந்தது.

ஹெட் சிஸ்டர் ரோஸ்லின் வந்தார்.

“பாஸா, ஃபெயிலா?”

விளக்கை அடித்தேன். தலையணையில், அவள் வாய் இருந்த இடத்தில், கடுகளவு ஒளிர்ந்தது. பாழாய்ப்போன விளக்கு. சட்டென்று அணைத்தேன்.

“அண்ணே, ஃபெயில்னு சொல்லிராத. பயமா இருக்கு.”

“பாஸ்” என்றேன்.

பாஸான கட்டில் காலிக் கட்டில். உடனே ஒரு பெரியவரைக் கொண்டுவந்து படுக்கவைத்தார்கள். அவர் நெளிந்தார்.

“மெத்தை சூடா இருக்கே தம்பி. யாரு கெடந்தா?”

அன்னத்தாய் துணியைப் பிழிந்துகொண்டு என்னைப் பார்த்தார்.

“யாரும் கெடக்கல” என்றேன்.

“அண்ணே” என்றாள் ஜெபக்கனி, அவருக்குக் கீழேயிருந்து.

பெரியவர் பதறினார். “யாரோ கூப்பிடுதாவளே!”

ஹெட் சிஸ்டர் வாசலில் திரும்பி நின்றார்.

“எனக்குத் தங்கச்சியே கெடையாது ஐயா” என்றேன், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி.

அதற்குப் பிறகு அவள் கூப்பிடவில்லை.