கோகிலவாணி கேட்ட பூ வாக்கு

பாப்பாரப்பட்டி கோகிலவாணிக்குக் கிரீஸ் எந்தத் திக்குல இருக்குன்னே தெரியாது. அங்க ஒரு தீவுல, ஓட்டல் சமையல்கட்டுல, அவ புருஷன் சின்னராஜ் ரெண்டு வருஷமா வேலை பார்க்கறான். தெரிஞ்சது அவ்வளவுதான்.

ரெண்டாயிரத்துப் பதினஞ்சு ஆனி மாசம் அவன் போன்ல சொன்னதைக் கேட்டு அவளுக்குத் தலை கிர்ருன்னுச்சு. அந்த நாடே கடன்ல மூழ்கிடுச்சாம். பேங்க்கையெல்லாம் பூட்டிட்டாங்களாம். முதலாளி பாதிச் சம்பளம்தான் தர்றாராம். அது போதாதுன்னு, சண்டை நடக்கிற நாடுகள்லேர்ந்து சனம் குஞ்சு குளுவானோட ரப்பர் படகுல வந்து இறங்குதாம். அவங்களுக்கும் சேர்த்து இவன்தான் அண்டா வைக்கிறானாம்.

"காசில்லாத ஊருக்கு எதுக்குங்க வர்றாங்க?"

"அவங்க ஊருல உசுருக்கே உத்தரவாதம் இல்லையே, கோகிலா."

இருக்கறதா, கெளம்பறதான்னு அவனுக்கும் புரியல. கெளம்பிட்டா மறுபடி போக வழியில்ல. நம்ம முனியப்பன் சாமிகிட்ட பூ கேளு, பூ சொல்றபடி செய்யறேன்னுட்டான்.

வெள்ளிக்கிழமை அவளே தோட்டத்துல வெள்ளரளியும் செவ்வரளியும் பறிச்சு, தனித்தனியா இலையில பொட்டலம் கட்டினா. வெள்ளைன்னா வரட்டும், சிவப்புன்னா இருக்கட்டும். ரெண்டுலயும் வெள்ளையையே வெச்சுக் கட்டியிருக்கலாம், யாரு கேக்கப் போறா? சாமிகிட்ட கள்ளம் பண்ற புத்தி தனக்கில்லைன்னு அவளும் நெனச்சுக்கிட்டிருந்தா, பாவம். பூசாரி மாயவன் கண்ணை மூடி ஒண்ணை எடுத்தாரு. பிரிச்சா, சிவப்பு.

வூட்டுக்கு வந்து அழுதா. நாலு நாள் போனையே எடுக்கல. அஞ்சாம் நாள் எடுத்தப்ப அவன் வேற கதை சொன்னான். கடன் குடுத்தவங்க போட்ட கட்டுத்திட்டத்துக்கு ஒத்துக்கலாமான்னு அரசாங்கம் சனத்துகிட்டயே ஓட்டு கேட்டுச்சாம். வேணாம்னு குத்தினாங்களாம். எட்டே நாள்ல அதைவிடக் கெடுபிடியான கட்டுத்திட்டத்துக்கு அரசாங்கம் தலையாட்டிடுச்சாம்.

அவளுக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோவம் வந்துச்சோ. "மாத்தறவங்க எதுக்குங்க கேக்கணும்? பூ கேட்டுட்டு, வந்த பூவைத் தூக்கி வீசுவாங்களா? அந்தப் பிரதமருக்கு நாக்கு கூசலையா?"

"என்னமோ போ. பேங்க்கு திறக்கணும், சனம் சாப்பிடணும். அவருக்கும் பயமா இருந்திருக்கும்." அப்புறம் கேட்டான். "நம்ம பூ என்ன சொல்லுச்சு?"

மடியில ஐஸ்வர்யா போனைப் பிடுங்கப் பார்த்துச்சு. அவன் போறப்ப வயித்துல இருந்த புள்ள. அதுக்கு அந்தப் போனுக்குப் பேருதான் அப்பா.

"வெள்ளைங்க"ன்னா கோகிலவாணி.

அவன் பெருமூச்சு விட்டது கேட்டுச்சு. இந்த வாரமே டிக்கெட் போடறேன்னு வெச்சுட்டான்.

சந்தோசம் பொங்குச்சு, பின்னாடியே பயமும் வந்துச்சு. சாமி எதுக்காக இருக்கச் சொல்லுச்சு? அவன் நல்லதுக்கா, அந்த அண்டாகிட்ட தட்டோட நிக்கற சனத்துக்காகவா? ஒரு எழவும் புரியல. புள்ள போனைக் காதுல வெச்சு அப்பா அப்பான்னுச்சு.

கோயில் பக்கம் திரும்பிக் கன்னத்துல போட்டுக்கிட்டா. அந்தக் கிரீஸ்காரரைத் திட்டினதுக்கும் சேர்த்து, இன்னும் ரெண்டு போட்டுக்கிட்டா.